அக்கரை அண்ணன்மார்

போன வருடம் அக்கரையில் இருக்கும் தாம் என்ற ஊரைச் சேர்ந்த ஒருவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, சேவல் நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது அவ்வளவுதான். என் கணவர் ஹோய் அந்தச் சேவலைத் துரத்திப் பிடித்து, காலைக் கட்டி, அந்த மனிதர் பாலத்தைத் தாண்டுவதற்குள் பின்னாலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாயைத் திறந்தது தப்பு என்று அந்த ஆளுக்கும் புரிந்துவிட்டது. மறுநாள் இரண்டு வாத்து அனுப்பினார். வாத்துக்குப் பதிலாக இவர் ஒரு மூட்டை ஒட்டரிசி அனுப்பினார். இது எங்கே போய் நிற்குமோ என்று பயந்து, அன்றிலிருந்து தாம் ஊர்க்காரர்கள் வருவது தெரிந்தாலே நல்ல சாமான்களையெல்லாம் நான் உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊர் மாய். காவ் நதிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் தாம். நானூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க்கூடத்துக்கு உத்தரம் கிடைக்காமல் தவித்தபோது, தாம் ஊர்க்காரர்கள் தங்கள் கூடத்துக்கு வைத்திருந்த மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்பினார்களாம். அன்றைக்கு இரண்டு ஊரும் காவல் தெய்வத்தின் முன்னால் சத்தியம் செய்து சகோதரர்கள் ஆகிவிட்டன. இதில் யார் அண்ணன், யார் தம்பி என்று கேட்டால் அதுதான் வேடிக்கை. இரண்டு ஊருமே மற்ற ஊரைத்தான் அண்ணன் என்கின்றன. எங்கள் ஊர் எண்பது வயதுக் கிழவர், தாம் ஊர்ப் பள்ளிக்கூடப் பையன் எதிரே வந்தால் "அண்ணா" என்று குனிவார். பையனும் "அண்ணா" என்று குனிவான். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இருவரும் பாலத்து நடுவில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள்.

சத்தியத்தில் முக்கியமானவை இரண்டு. அண்ணன் கேட்டதை மறுக்கக் கூடாது என்பது ஒன்று. உடன்பிறந்தவர்களாகிவிட்டதால் ஒரு ஊரில் பெண் எடுத்து இன்னொரு ஊரில் கொடுக்கக் கூடாது என்பது இன்னொன்று.

நான் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. தெற்கே ஹா தின்னிலிருந்து வந்தவள். எங்கள் பக்கத்தில் மண் கல்லும் முள்ளும், பேச்சும் அப்படித்தான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்போம், பசித்தால் சோறு போடு என்போம். இங்கே வந்த புதிதில், சாப்பிடுங்கள் என்று ஒரு முறை சொன்னதும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் உட்கார வேண்டுமாம். என் மாமியார் அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இருபத்தாறு வருடமாகச் சந்தையில் டோஃபு விற்கிறேன். தாம் ஊர்ப் பெண்கள் வந்தால் நான் விலையைக் குறைப்பேன், அவர்கள் ஏற்றுவார்கள். கடைசியில் யாருக்கும் சமாதானம் ஆகாது. அதனால் அவர்கள் என் கடையைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, மீன்காரி பக்கமாகப் போய்விடுவார்கள்.

கிண்டல் செய்கிறேனே தவிர, இந்தச் சகோதர பாசம் வெறும் வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ரயில் பாலத்தைக் குறிவைத்து விமானங்கள் குண்டு போட்ட காலத்தில் மாய் ஊர்க் குழந்தைகளையெல்லாம் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். ஹோய்க்கு அப்போது ஐந்து வயது. தாம் ஊர்த் தாங் என்பவருடைய வீட்டில் விட்டார்கள். தாங் அப்போது போர்முனையில் இருந்தார். அவருடைய அம்மா இந்தப் பையனை மடியில் போட்டுக்கொண்டு, இருந்த கொஞ்ச அரிசியில் சோற்றை இவனுக்கும் கஞ்சியைத் தனக்கும் என்று வைத்துக்கொண்டாராம். இன்றைக்கும் அந்த அம்மாளின் திதிக்கு இவர் ஒரு நாள் முன்னதாகவே போய் நிற்பார். ஆகவே தாம் ஊர் என்றால் இவருக்கு உயிர். தாங் என்றால் அதற்கும் மேலே.

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகள் குயென் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோயா அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்வேன். கத்தக் கூடாது."

"கத்தணுமா வேணாமான்னு கேட்டுட்டு நான் முடிவு பண்ணிக்கறேன். சொல்லு."

சொன்னாள். தொழிற்பேட்டையில், அவள் வேலை பார்க்கும் கைப்பேசித் தொழிற்சாலையில், ஒரு பையன். பெயர் தோவான். சாப்பாட்டுக்கூடத்தில் மிளகாய்ச் சாந்து கேட்டு ஆரம்பித்ததாம். எந்த ஊர் என்று கேட்டதற்கு இரண்டு பேருமே ஆற்றோரம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு நீளமானது, யாரும் தோண்டிக் கேட்கவில்லை. மனசு முழுக்கப் பறிகொடுத்த பிறகு ஒரு நாள் வேலை முடிந்து பாலத்து முனையில் இரண்டு வண்டியும் ஒன்றாக நின்றிருக்கின்றன. அவன் அந்தப் பக்கம் திரும்ப, இவள் இந்தப் பக்கம் திரும்ப, இரண்டு பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

அந்த நிமிடம் அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"என்ன சொல்வான். 'அக்கா'ன்னான்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு நின்றது. டாக்டர் முகூர்த்தம் குறித்துவிட்டாரா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். எங்கள் பக்கம் இப்போது பாதிக் கல்யாணங்களுக்கு டாக்டர்தான் நாள் பார்க்கிறார், அது ஒரு குற்றமே இல்லை. கல்யாண உடை இறுக்குவதற்குள் பந்தி போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். பையன் யார் வீடு என்று கேட்டேன். தாங் தாத்தாவின் பேரன் என்றாள்.

மாலையில் ஹோயிடம் நானே சொன்னேன். சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம், நானூறு வருடமாக யாரும் செய்யாததை நம் வீட்டிலா என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டத் தெரிந்தவர்களோடு வாழ்வது சுலபம்.

சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை. கம்யூன் அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கே பதிவு செய்யும் பையன், தாராளமாகப் பதியலாம் அத்தை, நானே முத்திரை போடுகிறேன், ஆனால் விருந்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், நான் மாய் ஊர்க்காரன் என்றான். ஊர் முழுக்க அப்படித்தான் இருந்தது. யாருக்கும் கோபம் இல்லை. எல்லோரும் குயெனுக்கு ஆரஞ்சும் முட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்யாணம் என்ற பேச்சு வந்தால் மட்டும் கூரையைப் பார்த்தார்கள்.

தோவான் பயந்துபோய், சைகோனுக்குப் போய்விடலாம், அங்கே யாருக்கு மாய் தெரியும், தாம் தெரியும் என்று சொல்லியிருக்கிறான். என் மகள் என்னைப் போலப் பேசுவாள், அப்பாவைப் போல யோசிப்பாள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"ரெண்டு ஊரும் உட்கார்ந்து சாப்பிடாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேம்மா. என் பிள்ளை எந்த ஊர்க்கூடத்துலயும் விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கக் கூடாது."

அதுதான் அவளுக்கு வேண்டியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதற்குக் குறைவாகவும் ஒன்றும் இல்லை. நாளோ ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர் லொக்கிடம் போனோம். திருவிழாக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். அண்ணன் கேட்டதை மறுக்கக் கூடாது என்பதும் அதே சத்தியத்தில்தானே இருக்கிறது? மாய் ஊர் போய், பையனைக் கொடுங்கள் என்று கேட்டால், தாம் ஊர் இல்லை என்று சொல்ல முடியாதே? லொக் மூங்கில் புகைக்குழாயைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மறுக்க முடியாதவங்ககிட்ட கேக்கறது கேக்கறது இல்லம்மா. வழிப்பறி."

அதனால்தான் நானூறு வருடமாக ஒரு ஊர் இன்னொரு ஊரிடம் எதையும் கேட்டதே இல்லையாம். கேட்பதற்கு முன்னாலேயே புரிந்துகொண்டு கொடுப்பதுதான் சகோதரம், அவர்களாகப் புரிந்துகொண்டு வரட்டும் என்றார். ஹோய் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. புரிந்துகொண்டு வருவதற்குள் குழந்தை பிறந்து பள்ளிக்கூடத்துக்கே போய்விடும் என்று சொன்னேன். ஹா தின் பேச்சு என்று இரண்டு பேரும் மெல்லச் சிரித்துக்கொண்டார்கள்.

டெட் புத்தாண்டுப் பண்டிகை வந்தது, போனது. அக்கரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குயென் தொழிற்சாலைச் சீருடையை ஓர் அளவு பெரிதாக வாங்கிக்கொண்டாள். அதைக் கொடியில் காயப்போட்ட அன்றைக்கு நான் பொறுத்தது போதும் என்று முடிவு செய்தேன். டோஃபுத் தட்டுகளைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, மின்சார வண்டியில் ஏறிப் பாலத்தைத் தாண்டினேன்.

தாங் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள், எண்பது வயது மனிதர், கைத்தடியோடு படியிறங்கி வந்துவிட்டார். "வாங்க அக்கா" என்றார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. புதுப் பாய் விரித்தார்கள், பச்சைத் தேநீர் வந்தது, தாமரை விதை வந்தது, வெற்றிலை மடித்து வந்தது. இரண்டு மருமகள்கள் வந்து குனிந்துவிட்டுப் போனார்கள். தோவான் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். நல்ல பையன்தான். காது கொஞ்சம் பெரிசு.

நான் வானிலை, வயல், வாதநோய் எல்லாம் விசாரிக்க வேண்டிய முறைப்படி விசாரித்தேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

"தாத்தா, விஷயம் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அக்கா. பையன் டெட்டுக்கு முன்னாடியே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் வரல?"

"நாங்க வந்து பொண்ணு கேட்டா நீங்க மறுக்க முடியாதே. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தோம். நீங்களா புரிஞ்சுக்கிட்டு வருவீங்கன்னு பார்த்தோம்."

இதைக் கேட்டு எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு இரண்டு ஊரும் மாறி மாறிப் புரிந்துகொள்ளக் காத்திருக்கின்றன. நடுவில் என் மகளின் வயிறு யாருடைய மரியாதைக்கும் காத்திருக்காமல் வளர்கிறது.

"சரி. நான் வெளியூர்க்காரி, எனக்குப் புரிஞ்சுக்கத் தெரியாது, கேக்கத்தான் தெரியும். உங்க பேரனை எங்களுக்குக் குடுங்க."

தாங் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பல்லைப் பிடுங்கும்போது மனிதர்கள் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

"குடுத்தாச்சு அக்கா."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. சத்தியத்துக்கும் பங்கம் வராமல் ஒரு வழி யோசித்துக்கொண்டு பௌர்ணமியன்று ஊரோடு வருகிறேன் என்றார். வரும்போது வண்டியில் ஒரு பலாப்பழத்தையும் கட்டிவிட்டார்கள். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, சத்தியமாக.

வீட்டில் சொன்னதும் ஹோய் இரண்டு தடவை கேட்டார், கேட்டேவிட்டாயா என்று. கேட்டேவிட்டேன் என்றேன். அதற்கப்புறம் பௌர்ணமிவரை ஊரில் எல்லோரும் என்னை, கிழவர் ஒருவரின் பையில் கைவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். டோஃபு மட்டும் வழக்கம்போல விற்றது.

பௌர்ணமியன்று தூறல். தாம் ஊர்ப் பெரியவர்கள் கறுப்பு நீள அங்கியும் தலைப்பாகையுமாகக் கறுப்புக் குடைகள் பிடித்துப் பாலத்தின்மேல் வரிசையாக நடந்து வந்தார்கள். கார் இருந்தும் நடந்துதான் வந்தார்கள், சகோதரன் வீட்டுக்குச் சக்கரத்தில் வரக் கூடாதாம். ஊர்க்கூடத்தில் சிவப்பு ஓரம் வைத்த பாய்களை விரித்திருந்தோம். ஆண்கள் நடுவில், பெண்கள் ஓரத்துப் பாயில். குயென் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஹோய் ஆண்கள் வரிசையில், லொக்குக்கு அடுத்தபடி உட்கார்ந்திருந்தார். வருடா வருடம் திருவிழாவில் தாம் ஊர்ப் பாடகர்களோடு எதிரெதிராக உட்கார்ந்து பாடுகிற இடம் அதுதான். முப்பது வருடமாக அந்தப் பாயில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

குனிதல்கள் முடிந்தன. தேநீர் முடிந்தது. தாங் எழுந்து நின்றார், நிற்க வேண்டாம் என்று இந்தப் பக்கம் எல்லோரும் எழுந்தார்கள், பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். தாங் பேசினார். மாய் ஊர் அண்ணன்மார் வாய் திறந்து ஒன்று கேட்டார்கள், நாங்கள் கொடுத்துவிட்டோம். இப்போது நாங்களும் நானூறு வருடத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்கிறோம். அண்ணன் தங்கைக்குள் கல்யாணம் இல்லை. ஆனால் பெண்ணின் தாயார் ஹா தின்காரர். பெண்ணைத் தாயாரின் ஊர்ப் பெண் என்று வைத்துக்கொள்வோம். அவளை மாய் ஊர் வம்சத்திலிருந்து எடுத்துவிட்டு, ஹா தின்னில் தாய்மாமன் தகப்பன் இடத்தில் நின்று கட்டிக்கொடுக்கட்டும். நாங்கள் அங்கே போய்ப் பெண் எடுக்கிறோம். சத்தியமும் நிற்கும், கல்யாணமும் நடக்கும். இந்த ஒன்றை அண்ணன்மார் தர வேண்டும்.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. எல்லா முகமும் மலர்ந்துவிட்டது. என்ன அழகான யோசனை என்று லொக் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. என் தம்பி வீட்டு முற்றம் பெரிது, பந்தல் போடலாம், ஆட்டுக்கறி அங்கே மலிவு என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். குயென் மட்டும் கோரை பிய்ப்பதை நிறுத்திவிட்டு, என் காதில், அப்படியென்றால் நான் இங்கே வரும்போது யாரும்மா என்று கேட்டாள். நான் அவள் முழங்காலைத் தட்டினேன். வாயை மூடு, நடக்கட்டும் என்று அர்த்தம்.

லொக் ஹோயைத் திரும்பிப் பார்த்தார். தகப்பன் தலையாட்ட வேண்டும், அது ஒரு முறைக்குத்தான். இவர் தலையாட்டாத தாம் ஊர்ப் பேச்சு ஏதாவது உண்டா? நான் வேறு பக்கம் திரும்பி வெற்றிலைத் தட்டை எடுக்கப் போனேன்.

"முடியாது அண்ணா."

யார் சொன்னது என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். நானும்தான். ஹோய் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"உங்க அம்மா கையால சோறு தின்னு வளர்ந்தவன் நான். நீங்க என்ன கேட்டாலும் குடுப்பேன். வீட்டைக் கேளுங்க, குடுக்கறேன். இதை மட்டும் முடியாது. என் பொண்ணு மாய் ஊர்ப் பொண்ணு. கூட்டிட்டுப் போறதுன்னா மாய் ஊர்ப் பொண்ணாக் கூட்டிட்டுப் போங்க. அவ அப்பன் உயிரோட இங்க உட்கார்ந்திருக்கேன். என் இடத்துல இன்னொருத்தனை நிக்க வைக்க மாட்டேன்."

இதை அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. விருந்தாளியிடம் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். ஆனால் கூடத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கேட்டது. லொக்கின் முகம் சாம்பலாகிவிட்டது. அண்ணன் ஊர் கேட்டு மாய் ஊர்க்காரன் ஒருவன் மறுத்துவிட்டான், அதுவும் காவல் தெய்வத்தின் முன்னால். எல்லாம் போயிற்று, பெண்ணின் வாழ்க்கையே போயிற்று என்று ஒரு பக்கம் பதறினாலும், இன்னொரு பக்கம் என் நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது. இருபத்தாறு வருடமாக இந்த மனிதரோடு குடித்தனம் செய்கிறேன், இவருக்குள் இப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பது எனக்கே தெரியாது. என் பக்கத்தில் குயென் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

லொக் தட்டுத் தடுமாறி எழுந்து, தாம் ஊர்க்காரர்களின் பக்கம் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு ஹோயிடம் திரும்பி, நீ சத்தியத்தை மீறிவிட்டாய், இனி அண்ணன்மாரோடு ஒரே பாயில் உட்கார உனக்கு உரிமை இல்லை, எழுந்திரு என்றார். அவருக்கும் அதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஹோய் எழுந்தார். பாயைவிட்டு இறங்கி வெறும் செங்கல் தரையில் நின்றார். முப்பது வருடத்து இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே போகவும் இல்லை. அங்கேயே நின்றார்.

தாங் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் மகன் பிடிக்கப் போனான். கையைத் தட்டிவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"லொக் அண்ணா, நானூறு வருஷத்துல எங்ககிட்ட யாராவது முடியாதுன்னு சொல்லியிருக்காங்களா?"

"இல்லண்ணா. மன்னிக்கணும்."

"அண்ணன் தம்பிக்குள்ள அப்படிப் பேச்சு வராது. என் பொண்ணு, என் இடம்னு மொறைச்சுக்கிட்டு நிக்கறது யாரு தெரியுமா? சம்பந்தி. எனக்கு மூணு சம்பந்தி இருக்காங்க, மூணு பேரும் இப்படித்தான்."

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. தாங் கைத்தடியை ஊன்றி எழுந்து விளக்கிச் சொன்னார். மறுத்தவன் சகோதரன் இல்லை என்று லொக் அண்ணனே பாயைவிட்டு இறக்கிவிட்டார். சகோதரன் இல்லை என்றால் அவன் பெண் எங்களுக்குத் தங்கையும் இல்லை. அவள் மாய் ஊர்ப் பெண்ணாகவே இருக்கட்டும். ஊரோடு ஊருக்குச் சத்தியம் அப்படியே இருக்கிறது, இந்த ஒரு வீடு மட்டும் எங்களுக்குச் சம்பந்தி வீடு. இதில் மாய் ஊர் அண்ணன்மாருக்கு மறுப்பு உண்டா என்று கேட்டார். கேட்டபோது அவர் கண்ணில் இருந்த குறும்பை நான் பார்த்தேன். அண்ணன் கேட்டால் மறுக்க முடியாதே. ஒருவர் மறுத்ததே அன்றைக்குப் போதும்.

லொக் கடைசியில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி தரும் ஒரு கேள்வியைக் கேட்டார். அப்படியானால் சீர்த்தட்டு எத்தனை?

ஏழு என்றார் தாங். பதினொன்று என்றேன் நான், ஓரத்துப் பாயிலிருந்து. சம்பந்தி வீடு என்றான பிறகு எனக்கென்ன கூச்சம்? பதினொன்று கட்டுப்படியாகாது என்றாள் தாங்கின் மருமகள். அப்படியானால் பந்தியில் கோழி கிடையாது என்றேன். பிறகு கூடத்தில் ஒரே சத்தம். மாய் ஊரும் தாம் ஊரும் முதல்முதலாகப் பேரம் பேசியதைப் பார்க்க, வெளியே தூறலில் குழந்தைகள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கினார்கள். பேச்சோடு பேச்சாக, எருமை வயலில் இறங்கியது, படகு கடன் வாங்கித் திரும்பி வராதது என்று பழைய சங்கதிகளெல்லாம் வந்தன. இரண்டு ஊர்க்காரர்கள் முகத்திலும் இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. ஒன்பது தட்டில் முடித்தோம்.

ஹோய் இன்னும் செங்கல் தரையிலேயே நின்றுகொண்டிருந்தார். தாங் அவர் பக்கத்தில் போய், திருவிழாவில் பாய் இல்லாவிட்டால் என்ன, சம்பந்திக்கு நாற்காலி போடுவோம், மேளக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடட்டும், கல்யாணத்தன்றும் முதல் நாற்காலி அவருக்குத்தான் என்றார். ஹோய் குனிந்து வணங்கிவிட்டு, கல்யாணத்தன்றைக்கு நாற்காலி வேண்டாம் என்றார். ஒரே நாளில் இரண்டாவது மறுப்பு. ருசி கண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, நீயே ஓட்டு என்று வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். தூறலில் மெதுவாக ஓட்டினேன். இனிமேல் பாய் கிடையாது என்று அவருக்கு உள்ளுக்குள் வலிப்பது எனக்குத் தெரியும், அதனால் அதைப் பேசாமல் நாற்காலியைப் பற்றிக் கேட்டேன்.

"பெரியவர் அவ்வளவு ஆசையா சொன்னாரு. ஏன் வேணாம்னீங்க?"

"உட்கார நேரம் ஏது குயென் அம்மா? பொண்ணைப் பெத்தவன். ரெண்டு ஊருக்கும் நான்தானே பரிமாறணும்."